லீலண்ட் கெட்டர்லிங் தூங்கிய ஆட்டம்

பெயர்: லீலண்ட் ஜேக்கப் கெட்டர்லிங். பிறப்பு: 1943 மார்ச், தெற்கு டகோட்டா மாநிலம், வெஸ்லிங் ஊருக்கு வடக்கே உள்ள குடும்பப் பண்ணையில். பெற்றோருக்கு இரண்டாவது மகன், மூத்தவர் ஆல்பர்ட். திருமணம்: 1967 ஜூன், எல்வைரா ஹாய்ப்பலுடன், வெஸ்லிங் லூத்தரன் தேவாலயத்தில். மக்கள் இருவர்: ஜாய்ஸ், ரோலின். தொழில்: முதலில் தானிய லாரி, பின்னர் வெஸ்லிங் கல்லூரியின் பேருந்து. இறப்பு: 2016 நவம்பர், சொந்த வீட்டில், உறக்கத்தில்.

குடும்பக் குறிப்புகளில் அவருக்கென ஒதுக்கிய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. தேவாலயப் பதிவோடும் கல்லறைக் கல்லோடும் ஒப்பிட்டு இவற்றைச் சரிபார்த்திருக்கிறேன். இனி எழுதுவதில் சிறு பகுதி நான் கண்டது. பெரும்பகுதி அவர் மகன் ரோலினும் மனைவி எல்வைராவும் சொல்லக் கேட்டது. இருவர் சொல்வது ஒத்துப்போகாத இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆல்பர்ட் என் தந்தை. லீலண்ட் எனக்குச் சித்தப்பா.

சித்தப்பாவுக்கு முன்னால் கல்லூரிப் பேருந்தை ஓட்டியவர் என் தந்தைதான். கால்பந்து அணிக்கு வெளியூர் ஆட்டம் என்றால் வெள்ளிக்கிழமை இரவு புறப்படுவார்கள். பையன்கள் இருக்கையிலேயே உறங்குவார்கள். சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் நேரத்தில் ஓட்டுநர் உறங்குவார். ஆட்டம் முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். விடுதியில் தங்கவைக்கக் கல்லூரிக்கு வசதி இருந்ததில்லை. 1974 அக்டோபரில் அப்படி ஓர் ஆட்டத்துக்குப் போனபோது வெஸ்லிங் வென்றுகொண்டிருந்தது. அந்தப் பருவத்தில் அதுதான் முதல் வெற்றி. ஆரவாரம் கேட்டு என் தந்தை எழுந்து போய், வேலியோரம் நின்று கடைசிவரை பார்த்தார். பிறகு ஒரு காபி குடித்துவிட்டு வண்டியை எடுத்தார். ஊருக்குச் சற்று முன்னால் பேருந்து சாலையை விட்டிறங்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. பையன்களுக்குக் கைகால் முறிவோடு போயிற்று. இறந்தவர் ஓட்டியவர் ஒருவர்தான். எனக்கு அப்போது ஆறு வயது.

மறு ஆண்டு கல்லூரி புதிய பேருந்து வாங்கியது. ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. தானிய லாரி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் கேட்டார்கள். அவர் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் படுப்பார். முடியும்வரை அவரை யாரும் எழுப்பக் கூடாது. ஆட்டம் எப்படிப் போகிறது என்று யாரும் வந்து சொல்லவும் கூடாது. அவர் ஏன் அந்த வேலையை ஏற்றார் என்று என் தாய் ஒருமுறை கேட்டதாகத் தெரியும். "யாராவது ஒழுங்கா ஓட்டணும்ல அண்ணி" என்றாராம். அதற்கு மேல் அவர் விளக்கியதாக யாரும் சொல்லவில்லை.

உறங்குவதற்கு அவர் கண்டுபிடித்த இடம் பேருந்தின் அடிவயிறு. தலைக்கவசங்களும் தோள் கவசங்களும் அடைத்த மூட்டைகளை இறக்கிவிட்டால் சாமான் அறை காலியாகிவிடும். அங்கே ஒரு நுரை மெத்தையை விரித்து, இரு பக்கக் கதவுகளையும் மேலே தூக்கி நிறுத்திவிட்டால் வயல்வெளிபோலக் காற்று வரும். காலணிகளைக் கழற்றி மெத்தையின் தலைமாட்டில் வைப்பார். அலாரம் வைத்துக்கொள்ள மாட்டார், தேவையும் இருக்கவில்லை. வெஸ்லிங் தோற்பது உறுதியானதும் உள்ளூர்க்காரர்கள் கூட்ட நெரிசலுக்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். அவர்களுடைய கார்க் கதவுகள் அடுத்தடுத்துச் சாத்தும் ஓசையில் அவர் கண் விழிப்பார். எங்கள் அணி அந்த ஓசையை அவருக்குத் தவறாமல் தந்துகொண்டிருந்தது.

ஊரில் இதைக் கேலி செய்யாதவர் குறைவு. டோரிஸின் காபிக் கடையில் விதை வியாபாரி ஹார்வி ஷாவர்தான் தொடங்குவார்.

"வெஸ்லிங் ஆட்டத்துல தூங்குறதுக்குச் சம்பளம் வாங்குற ஆளு இந்த மாவட்டத்துலயே இவன் ஒருத்தன்தான். நாங்கெல்லாம் ஓசியில தூங்குறோம்."

"நீ தூங்கும்போது குறட்டை விடுற ஹார்வி" என்பார் சித்தப்பா. "அதுக்கெல்லாம் சம்பளம் தரமாட்டாங்க."

இனி 1996ஆம் ஆண்டுக்கு வருகிறேன்.

செப்டம்பர் தொடக்கத்தில், கல்லூரிக் கால்பந்துப் பருவம் திறக்கும் முதல் சனிக்கிழமையில், பெரிய பல்கலைக்கழகங்கள் தங்கள் மைதானத்துக்கு ஒரு சிறிய கல்லூரியை அழைப்பது வழக்கம். அழைக்கப்படுபவர்கள் வந்து தோற்க வேண்டும். அதற்கு ஒரு காசோலை தருவார்கள். நாங்கள் அதைக் காசோலை ஆட்டம் என்போம். அந்த ஆண்டு வெஸ்லிங்கை அழைத்தது எண்பதாயிரம் பேர் அமரும் மைதானமுள்ள ஒரு பல்கலைக்கழகம். உடற்பயிற்சிக் கூடத்தின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. காசோலையைக் கூரைக்கு என்று கல்லூரி முன்பே எழுதிவைத்துவிட்டது. இதில் யாருக்கும் வெட்கமில்லை. கூரை எல்லோருக்கும் பொது.

ரோலினுக்கு அது கல்லூரியில் கடைசி ஆண்டு. அவன் முன்வரிசைக்காரன், பந்தோடு ஓடி வருகிறவனை மறித்துக் கீழே தள்ளுவது அவன் வேலை. கால்பந்து என்று பெயரிருந்தாலும் எங்கள் நாட்டில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். ரோலினுக்கு அது கையிலும் வந்ததில்லை. எழுபத்து நான்கு என்ற எண் எழுதிய சட்டையைக் குவியலுக்கு அடியில் தேடினால் அவன் கிடைப்பான்.

அந்த வியாழக்கிழமை இரவு உணவின்போது எல்வைரா சித்தி நெஃப்லா சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தார். மாவு உருண்டைகளைத் தன் கிண்ணத்துக்கு எண்ணித் தள்ளிக்கொண்டே ரோலின் தொடங்கினான்.

"அப்பா, சனிக்கிழமை நீங்க ஆட்டம் பாக்கணும்."

"உள்ளூர் ஆட்டம் எல்லாம் பாக்குறேனேடா."

"உள்ளூர் ஆட்டத்துக்கு வர்றது ஐந்நூறு பேரும் ரெண்டு நாயும்."

"அதுல ஒரு நாய் நம்மளது" என்றார் சித்தி.

"அங்க எம்பதாயிரம் பேரு என்னைப் பாக்கப்போறாங்கப்பா. அதுல எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தராவது இருக்கட்டும்."

சித்தப்பா ரொட்டியைப் பிய்த்து சூப்பில் நனைத்தார். "நான் தூங்கணும்டா" என்றார்.

"முழுசா வேணாம். நாலுல முதல் பகுதி மட்டும். அதுக்கப்புறம் பாக்க என்ன இருக்கப்போவுது? அதுக்குள்ளயே முப்பது பாயிண்ட் வாங்கியிருப்போம்."

"அப்படிப்பட்ட ஆட்டத்துக்கா என்னைக் கூப்புடுற?"

"அடி வாங்கும்போது வீட்டு ஆளு ஒருத்தர் நின்னா கொஞ்சம் தாங்கும்."

எல்வைரா சித்தி கரண்டியைப் பானையில் வைத்தார். "போய்த்தான் பாருங்களேன். தோக்குற ஆட்டம்தானே. மனசு அங்கயே நின்னுடப்போறதில்ல."

சித்தி சொன்னதன் பொருள் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் புரியும். என் தந்தையை வேலியோரம் நிறுத்திவைத்தது வெற்றி. தோற்கிற ஆட்டத்தில் ஆபத்தில்லை. சித்தப்பா சூப்பைக் குடித்து முடித்துவிட்டு, "முதல் பகுதி மட்டும்" என்றார்.

சொன்னபடி செய்தார். இரவெல்லாம் ஓட்டி, மூட்டைகளை இறக்கி, படுக்க வேண்டிய நேரத்தில் படுக்காமல், வீரர்கள் வெளிவரும் சுரங்க வழியின் வாயில் நின்றார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் எண்பதாயிரம் பேரும் எழுந்து பாடியபோது தரை நடுங்கியதை மட்டும் பிற்பாடு சித்தியிடம் சொல்லியிருக்கிறார். முதல் பகுதி நாங்கள் எதிர்பார்த்ததுபோலவே போயிற்று. ரோலின் இருமுறை மல்லாக்க விழுந்தான்; மூன்றாம் முறை எதிராளியையும் இழுத்துக்கொண்டு விழுந்தான். பகுதி முடிந்தபோது பலகையில் பதினான்கு, பூஜ்யம். பூஜ்யம் எங்களுடையது. ரோலின் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சுரங்க வழியைப் பார்த்தான். சித்தப்பா கையை உயர்த்தினார். பார்த்துவிட்டேன், போகிறேன் என்று அதற்குப் பொருள். பேருந்துக்குத் திரும்பி, காலணிகளைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துப் படுத்தார்.

உடனே தூக்கம் வரவில்லை. மகன் மல்லாக்க விழுந்தது கண்ணுக்குள் இருந்தது. வெகுநேரம் புரண்ட பிறகுதான் கண்ணயர்ந்தார்.

அவரை எழுப்பியது கார்க் கதவு அல்ல. ஓசையே அல்ல. அதுவரை கடலலைபோல வந்துகொண்டிருந்த இரைச்சல் சட்டென்று நின்றுபோயிற்று; அந்த நிற்பில் விழித்துக்கொண்டார். எழுந்து உட்கார்ந்து பார்த்தால் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கார்கூட நகர்ந்திருக்கவில்லை. எவரும் வீட்டுக்குப் போகவில்லை; எவரும் கத்தவும் இல்லை. அவ்வளவு பெரிய கூட்டம் ஒரே மூச்சில் வாயை மூடுவதற்கு அவர் அறிந்த காரணம் ஒன்றுதான்: எவனோ ஒருவன் விழுந்தவன் எழாமல் கிடக்கிறான்.

காலுறையோடு ஓடினார். வாயிலில் மஞ்சள் மேலங்கி அணிந்த ஒரு முதியவர், மைதானத்தின் பணியாளர், குறுக்கே கை நீட்டினார்.

"சார், இந்த வழியா யாரையும் விடறதில்ல."

"என் பையன் உள்ள இருக்கான். வெஸ்லிங் அணி. யாருக்கு அடிபட்டிருக்கு?"

முதியவர் அவருடைய காலுறைகளைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். நீட்டிய கையைத் தாழ்த்தினார்.

"அடி எங்களுக்குத்தான் பட்டிருக்கு. போங்க, போய்ப் பாருங்க."

சித்தப்பாவுக்கு அது புரியவில்லை. பாதிதான் காதில் விழுந்தது. சுரங்க வழியைத் தாண்டிப் புல்லில் கால் வைத்தபோதும் பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுபத்து நான்கைத் தேடினார். எல்லைக் கோட்டுக்கு அருகே வெஸ்லிங் பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் மலைபோலக் குவிந்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து விலக, கடைசியில் அடியில் ரோலின் கிடந்தான். மல்லாக்க, கைகளை விரித்து, அசையாமல். சித்தப்பா அவன் பக்கத்தில் மண்டியிட்டார்.

"எங்கடா வலிக்குது?"

ரோலின் கண்ணைத் திறந்தான். "எங்கயும் வலிக்கலப்பா. ஜெயிச்சுட்டோம்."

"யாரு?"

"நாமதாம்ப்பா."

அப்போதுதான் பலகையைப் பார்த்தார். வெஸ்லிங் இருபது; அவர்கள் பதினேழு. கடைசி விநாடிகளில் பந்தோடு பாய்ந்து வந்தவனை, தாண்டினால் அவர்களுக்கு வெற்றி என்ற அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் இப்பால் ரோலினும் இன்னும் இருவரும் கட்டிப் பிடித்து வீழ்த்தியிருந்தார்கள். அந்த ஒரு முழத்தில்தான் எண்பதாயிரம் பேரின் குரல் நின்றது. மறுநாள் நாடு முழுவதும் செய்தித்தாள்களில் எங்கள் ஊரின் பெயர் வந்தது. ஒன்றிரண்டில் எழுத்துப் பிழையோடு.

இதுவரை சொன்னதைப் பலரும் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தது இதற்குப் பின் நடந்ததற்காகத்தான்.

பையன்கள் குளித்து, பாடி, கூச்சலிட்டு, மூட்டைகளைத் தாங்களே சுமந்து வந்து பேருந்தில் ஏறினார்கள். பயிற்சியாளர் மெர்லின் டால்பெர்க் கடைசியாக வந்தார். இருபதாண்டுப் பயிற்சியில் அவர் கண்ட மிகப் பெரிய நாள் அது.

"கிளம்பலாம் லீலண்ட். கல்லூரித் தலைவர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். ஊரே ரோட்டுக்கு வந்துடுச்சாம். தீயணைப்பு வண்டியை ஊர் எல்லைக்கு அனுப்பப்போறாங்களாம்."

சித்தப்பா ஓட்டுநர் இருக்கையில் இல்லை. படிக்கட்டருகே தரையில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் இன்னும் தூங்கல கோச்."

"தூங்கலயா?"

"முதல் பகுதியப் பாத்தேன். அப்புறம் படுத்தேன். சரியாத் தூக்கம் புடிக்கல."

"ஒரு காபி வாங்கித் தர்றேன். குடிச்சா தெளிஞ்சுடும்."

"ஆல்பர்ட்டும் குடிச்சான்" என்றார் சித்தப்பா.

டால்பெர்க் அந்த 1974 பேருந்தில் பயணம் செய்த மாணவர்களில் ஒருவர். இடது மணிக்கட்டு அவருக்கு இன்றும் முழுதாக மடங்காது. அந்த மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்த பையன்களுக்கோ பொறுமையில்லை.

"அட, இன்னிக்கா தூங்கணும்?"

"ஊருல விருந்து ஆறிப்போயிடும்ணே."

பந்தை உதைக்கும் குயின்டன் சன்னலில் தலையை நீட்டினான். "எங்க வீட்டு டிராக்டர நான்தான் ஓட்டுறேன். வேணும்னா நான் ஓட்டவா?"

"பந்தையே நீ நேரா உதைக்கமாட்ட" என்றான் ரோலின். "எல்லாரும் இறங்குங்கடா."

"எதுக்கு?"

"அப்பா தூங்கப்போறாரு. மூட்டைய வெளிய எடுங்க. அவரு படுக்குற இடம் அது."

பையன்கள் தயங்கியதாகவும், டால்பெர்க் முதல் மூட்டையைத் தம் கையாலேயே வெளியே எடுத்து வைத்ததாகவும் ரோலின் சொல்கிறான். டால்பெர்க் தாம் அப்படிச் செய்ததாக நினைவில்லை என்கிறார். எப்படியோ, சாமான் அறை காலியாயிற்று, மெத்தை விரிக்கப்பட்டது. சித்தப்பா படுத்தார். அணி முழுவதும் பேருந்துக்கு அருகிலிருந்த புல்வெளியில் உட்கார்ந்தது. லூத்தரன் தேவாலயப் பெண்கள் வழக்கம்போலத் தோற்றவர்களுக்கென்று கட்டித் தந்திருந்த பன்றி இறைச்சி ரொட்டிகளைக் காகிதம் சரசரக்காமல் பிரித்துத் தின்றார்கள். சிரிப்பு வந்தவன் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மைதானத்திலிருந்து தங்கள் காருக்குத் திரும்பிய உள்ளூர்க்காரர்கள் இந்தக் காட்சியைப் பார்த்து நின்றார்கள். காரின் பின்புறம் அடுப்பு வைத்து இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, மஞ்சள் சட்டை அணிந்தவர், தட்டு நிறைய வாட்டிய இறைச்சியோடு வந்தார்.

"ஜெயிச்சது நீங்கதானே? ஏன் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

ரோலின் உதட்டில் விரல் வைத்தான். "டிரைவர் தூங்குறாரு."

"எங்க?"

பேருந்தின் அடியைக் காட்டினான். அந்தப் பெண்மணி குனிந்து பார்த்தார். ஒரு ஜோடிக் காலுறைகள் மட்டும் வெளியே தெரிந்தன.

"பாவம்" என்றார் அவரும் கிசுகிசுப்பாக. தட்டைப் புல்லில் வைத்துவிட்டு நுனிக்காலில் திரும்பிப் போனார்.

சற்று நேரம் கழிந்தது. சாமான் அறையிலிருந்து குரல் வந்தது.

"ரோலின்."

"என்னப்பா? எழுப்பிட்டோமா?"

"தூங்கினாத்தானே எழுப்புறதுக்கு. இவ்வளவு அமைதியா இருந்தா எவன்டா தூங்குவான்? நான் இத்தனை வருஷமா சத்தத்துல தூங்கிப் பழகினவன். கொஞ்சம் பேசுங்கடா."

புல்வெளி முழுவதும் வெடித்துச் சிரித்தது. அதுவரை அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்த சிரிப்பு. பிறகு பையன்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். ரோலின் சாமான் அறையின் விளிம்பில் போய், தந்தையின் தலைமாட்டில் கிடந்த காலணிகளுக்கு அருகே உட்கார்ந்தான்.

"எதுவரைக்கும் பாத்தீங்க?"

"பதினாலு, பூஜ்யம்."

"சரி. ரெண்டாம் பகுதியில பந்து நம்மகிட்ட வந்துச்சு. குயின்டன் உதைச்சது கம்பத்துல பட்டு உள்ள விழுந்துச்சு."

"நேரா உதைக்கமாட்டான்னியே."

"நேரா போகல. கம்பத்துல பட்டுச்சுன்னுதானே சொன்னேன்."

இப்படி ரோலின் ஆட்டத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தான். மூன்றாம் பகுதி தொடங்கும்போது தந்தையின் மூச்சு மாறிவிட்டது என்கிறான். டால்பெர்க்கின் கணக்குப்படி இரண்டாம் பகுதி முடிவதற்குள்ளாகவே குறட்டை கேட்டது. நான் ரோலினின் சொல்லை ஏற்கிறேன். அருகில் இருந்தவன் அவன். ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள். தந்தை உறங்கிவிட்டது தெரிந்த பிறகும் ரோலின் நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, கடைசியில் அந்த ஒரு முழம்வரை, சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

அதே நேரத்தில் வெஸ்லிங்கில் நடந்ததை நான் நேரில் கண்டேன்.

தீயணைப்பு நிலையத்தின் வாசலில் ஊர் கூடியிருந்தது. வானொலியில் ஆட்டம் முடிந்ததிலிருந்து யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மேசைகளில் கூகன் எனும் ஆப்பிள் கேக்கும் உருளைக்கிழங்கு சாலட்டும் வந்துகொண்டே இருந்தன. எல்வைரா சித்தி ஒரு கையில் கத்தியோடு கூகனை வெட்டி வெட்டி நீட்டிக்கொண்டிருந்தார். என் தாய் மட்டும் சுவரோரம் ஒரு மடக்கு நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வெற்றி என்று கேட்டதிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. வென்ற அணி, நீண்ட சாலை, கெட்டர்லிங் ஓட்டும் பேருந்து. இம்மூன்றும் ஒன்றுசேர்ந்த நாளை அவர் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவர். என் தந்தை செய்தது பிழை என்று அவர் என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. கணவன் ஒரு நல்ல ஆட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்டான் என்பதற்காக அவனை எப்படிக் குறை சொல்வது என்று ஒருமுறை கேட்டார், அவ்வளவுதான்.

புறப்பட்டுவிட்டோம் என்ற செய்தி வரவேண்டிய நேரம் கடந்தது. வரவில்லை. சிரிப்பொலி கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. வயதானவர்கள் சாலையைப் பார்க்கத் தொடங்கினார்கள். யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை; எங்கள் ஊரில் பேருந்து தாமதம் என்றால் கேட்க மாட்டார்கள்.

நிலையத்துக்குள் தொலைபேசி ஒலித்தது. ஹார்வி ஷாவர் ஓடிப்போய் எடுத்தார். கேட்டுவிட்டு வெளியே வந்து, தீயணைப்பு வண்டியின் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். கேலி பேசுவதற்கென்றே பிறந்த அந்த மனிதரின் குரல் அன்று சீராக இல்லை.

"பஸ் லேட்டாகும். இன்னும் கிளம்பவே இல்ல." ஒலிபெருக்கியை மறு கைக்கு மாற்றினார். "லீலண்ட் தூங்குறானாம்."

கூட்டத்தில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. முதலில் யார் கைதட்டியது என்று எனக்குத் தெரியாது. பின்னர் எல்லோரும் தட்டினார்கள். பகல் முழுவதும் வெற்றிக்குத் தட்டியதைவிட அது நீண்டது என்று எனக்குத் தோன்றியது. இது என் எண்ணமே அன்றி அளந்து சொன்னதல்ல.

எல்வைரா சித்தி கத்தியை வைத்துவிட்டு என் தாயிடம் வந்தார்.

"கேட்டீங்களா அக்கா? தூங்குறாராம்."

"தூங்கட்டும்" என்றார் என் தாய். கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். "அந்தக் கூகன்ல ஒரு துண்டு எனக்குக் கொடு எல்வைரா. ஓரத்துத் துண்டு வேணாம்."

பேருந்து நள்ளிரவுக்குப் பின் ஊர் எல்லைக்கு வந்தது. தீயணைப்பு வண்டி சங்கொலித்து முன்னே போக, பையன்கள் சன்னல்களில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். சித்தப்பா பேருந்தை நிறுத்தி, விளக்கை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். கூட்டம் அவரைத் தாண்டிப் பையன்களிடம் ஓடியது. என் தாய் மட்டும் அவரிடம் போய்ச் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார்.

"சாப்பிட்டியா லீலண்ட்?"

"சாப்பிட்டேன் அண்ணி. யாரோ ஒரு அம்மா இறைச்சி கொண்டுவந்து வச்சுட்டுப் போயிருக்காங்க."

அதன்பின் அவர் எங்கே போனாலும் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். அவர் அங்கே இருந்தவர் அல்லவா? டோரிஸின் கடையில் வெளியூர்ப் பயணி எவராவது வந்துவிட்டால் ஹார்வியே சித்தப்பாவை முன்னுக்குத் தள்ளுவார்.

"இவன்கிட்ட கேளுங்க. இவன் நேர்ல இருந்தவன்."

"எப்படிங்க இருந்துச்சு அந்த ஆட்டம்?" என்று வந்தவர் ஆவலோடு கேட்பார்.

சித்தப்பா காபிக் கோப்பையைக் கீழே வைத்து, நியாயமாக யோசித்து, "முதல் பகுதி நல்லா இருந்துச்சு" என்பார்.

ரோலின் ஆட்டத்தின் ஒளிநாடா ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். அவர் அதைப் பார்க்கவில்லை. ஓட்டுவதை விட்டபிறகு பார்க்கிறேன் என்று தொலைக்காட்சிக்கு மேல் வைத்துவிட்டார். ஏன் என்று சித்தி கேட்டதற்கு, "பாத்தா அடுத்த ஆட்டத்தையும் பாக்கத் தோணும்" என்றாராம். ரோலின் மணம் முடித்தான், பெண் குழந்தைகள் பிறந்தார்கள், உடற்பயிற்சிக் கூடத்துக்கு இன்னொரு கூரையும் தேவைப்பட்டது. நாடா அங்கேயே இருந்தது. சித்தி வாரம் ஒருமுறை அதைத் தூக்கித் தூசி தட்டினார்.

2006இல் சாவியைக் கல்லூரியில் ஒப்படைத்த வாரம் நாடாவைப் போட்டுப் பார்த்தார்கள். நானும் என் தாயும் போயிருந்தோம். ரோலின் தன் மகள்களோடு தரையில் உட்கார்ந்திருந்தான். சித்தப்பா சாய்வு நாற்காலியில், காலணிகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மூன்றாம் பகுதியில் கண் சொக்குகிறதா என்று எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தோம், சொக்கவில்லை. கடைசி விநாடிகளில் எழுபத்து நான்கு குவியலுக்குள் மறைந்தபோது வர்ணனையாளர்கள் இருவரும் ஒரே நேரத்தில் தொண்டை கிழியக் கத்தினார்கள். சித்தப்பா முகம் சுளித்தார்.

"இப்படி இருக்கலியே" என்றார். "ரொம்ப அமைதியால்ல இருந்துச்சு."

ரோலின் எழுந்து ஒலியைச் சுத்தமாகக் குறைத்தான். ஓசையில்லாத திரையில் பையன்கள் ஒவ்வொருவராகக் குவியலிலிருந்து எழுந்தார்கள். ஓரத்தில், காலுறையோடு ஒரு மனிதர் புல்லில் ஓடி வருவது தெரிந்தது. அவர் பலகையைப் பார்க்கவில்லை. சித்தப்பா நாற்காலியில் முன்னால் குனிந்து அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் தாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நாடா முடிந்தது.

குறிப்புகளில் தொழில் என்ற இடத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

விபத்தின்றி ஓட்டியது: முப்பத்தொரு ஆண்டுகள்.